பதினொரு மணித் தூக்கம்

மரியே வாழ்க

திரேஸ்புரம்,
தூத்துக்குடி.
பிப்ரவரி 12, புதன்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

எமில்டா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். மழைக்குப் பிறகு முட்டி வலி மட்டும் விடவில்லை, தையல் மெஷின் மிதிக்கிற காலாயிற்றே. நீங்கள் சுகமா? போனில் கேட்டால் 'ம்' என்பீர்கள். காகிதத்தில் 'ம்' என்று ஒரு பக்கம் எழுத முடியாது, அதனால் இந்தத் தடவை காகிதத்தில் கேட்கிறேன்.

ஜெபசிங் தம்பி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை பஹ்ரைனுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதமும் நெத்திலிக் கருவாடும் இரண்டு பெட்டி மக்ரூனும் கொடுத்துவிடுகிறேன். மக்ரூனை உங்கள் மீன்பிடி லாஞ்சில் எல்லோருக்கும் கொடுத்து ஒரே நாளில் தீர்த்துவிடுங்கள், கடல் காற்றில் நமுத்துவிடும். கடிதத்தை மட்டும் யாருக்கும் காட்ட வேண்டாம். போன் என்றால் நான் பேச்சைத் தொடங்கியதும் 'வேலை இருக்கு' என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை முதல் நம் தெருவில் என் பேச்சுதான். பஹ்ரைனுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். எமில்டா பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் திருடிவிட்டாள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எமில்டாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். முதலாவது பாதி உண்மை. தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். இரண்டாவது பொய், என் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. யாரிடமோ அரைகுறையாகக் கேட்பதைவிட முழுதையும் என் கையெழுத்தில் நீங்கள் படிப்பது நல்லது.

ரெக்ஸனை உங்களுக்குத் தெரியும். உங்களோடு வலைக்கு வந்தவன், இப்போது நம் மீன்பிடி வல்லத்தை அவன்தான் ஓட்டுகிறான். போன வருடம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். சந்தனச்செல்வி என்று பேர். அவள் வீட்டில் மதம் பார்த்தார்கள், இவன் வீட்டிலும் மதம் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டதால் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். நடுச்சுவர் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். டிசம்பரில் பெண் பிள்ளை பிறந்தது. அழுதால் நம் அடுக்களையில் கேட்கும்.

எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பிள்ளை பெற்றாள் என்பதற்காக அல்ல. இந்த ஆறு வருடத்தில் நம் தெருவில் பதினாலு பிள்ளைகள் பிறந்தன. பதினாலு ஞானஸ்நானத்துக்கும் சேலை கட்டிப் போய்ப் பூசை கண்டு கேக் தின்றுவிட்டுத்தான் வந்தேன். வயிறு எரிந்தது, ஆனால் தின்றேன். இவள் விஷயம் வேறு. இவள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள், அத்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். ஞானதீபம் சிஸ்டர், நம் ஏரியா நர்ஸ், பொங்கல் கழிந்து வந்தார். கூட நம் அன்பியக் கூட்டத்துப் பெண்கள் நாலு பேர், வாரா வாரம் வீடு வீடாகக் கூடி ஜெபம் சொல்வார்களே, அவர்கள். ஊசி போட வரவில்லை, எடை பார்க்க வரவில்லை. பிள்ளை எங்கே தூங்குகிறது என்று பார்க்க வந்தார்கள். நான் ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சிஸ்டர் அந்த அறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பாய் எங்கே விரிப்பீர்கள், யார் எந்தப் பக்கம், ரெக்ஸன் குடிப்பானா, பீடி உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிள்ளையை மல்லாக்கத்தான் போட வேண்டும், தனியாகப் போட வேண்டும், படுக்கை தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், சுற்றிலும் தலையணை, துணி, பொம்மை ஒன்றும் இருக்கக் கூடாது என்றார். சேலைத் தொட்டிலில் பிள்ளை சுருண்டு போகும், தாடை நெஞ்சில் இடிக்கும், தூங்க வைக்க அது வேண்டாம் என்றார். தலை உருண்டையாக வரட்டும் என்று யாரோ தைத்துக் கொடுத்திருந்த கடுகுத் தலையணையைக் கையோடு எடுத்து வெளியே வைத்துவிட்டார். வாசலில் நின்ற பெண்கள் தலை சப்பையாகிப் போகுமே என்று முனகினார்கள். அதற்கு சிஸ்டர், "தல சப்பையானா தொப்பி வாங்கிப் போடலாம்ளா, மூச்சு நின்னுட்டா எந்தக் கடையில போய் வாங்குவே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. நம் பீரோவின் அடித்தட்டில் ஒரு கடுகுத் தலையணை இருக்கிறது, மஞ்சள் உறை, ஓரத்தில் நானே போட்ட சங்கிலித் தையல். நம் வீட்டுக்கு யார் வந்தார்கள், அத்தான்? அட்டையில் எழுதினார்கள், எடை போட்டார்கள், ஊசி போட்டார்கள், போனார்கள். தரையில் உட்கார்ந்து ஒருவரும் கேட்கவில்லை. இவளுக்கு ஐந்து பேர் வந்து உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள். இவள் சொந்த ஊர்க்காரியும் இல்லை, மீன் ஆயத் தெரியாது, வாளையையும் சீலாவையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அடுத்த வாரம் கூட்டத்தில் பேச்சு வந்தது. சொல்வது எல்லாம் சரி, தனிப் படுக்கைக்கு இடம் எங்கே? நம் தெருவில் கட்டில் போட்டால் மனிதர்கள் வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் யாரோ ஏலக்கூடத்து மீன் பெட்டியைச் சொன்னார்கள். அந்த நீலப் பிளாஸ்டிக் பெட்டிதான், நாலு பக்கமும் காற்றோட்டத்துக்குக் கட்டம் கட்டமாக ஓட்டை இருக்குமே. பாய்க்குப் பக்கத்தில் வைத்தால் அடைத்துக்கொள்ளாது. யாரும் புரண்டு மேலே வர முடியாது. "பெத்த பிள்ளைய மீன் பெட்டியிலயா போடச் சொல்லுதிய?" என்று ஒரே சத்தம். சிஸ்டர் புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அடியில் கையால் அழுத்திப் பார்த்து, ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்து, அளவு எடுத்து, நாலு மாதம் வரைக்கும் இது போதும், பிள்ளை புரளத் தொடங்கினால் வேறு பார்க்கலாம் என்றார். மாதாவே மாட்டுக் கொட்டிலில் பிள்ளையைப் படுக்க வைத்தாள், மீன் பெட்டிக்கு என்ன குறைச்சல் என்று ஒருத்தி சொன்னதும் சத்தம் அடங்கியது. எட்டு வீட்டில் கைப்பிள்ளை இருந்தது. எட்டுப் பெட்டிக்கும் கோரைப்பாயை இரண்டாக மடித்துத் தைத்து, சுருக்கம் விழாமல் பருத்தித் துணியில் இறுக்கமாக உறை போட வேண்டும். தெருவில் மெஷின் வைத்திருப்பது யார்? என்னிடம்தான் வந்தார்கள்.

ஏழு தைத்தேன். எட்டாவதையும் தைத்தேன், அத்தான். தைத்துப் பெட்டியில் பொருத்தி மெஷினுக்குப் பின்னால் வைத்துத் துணி போட்டு மூடிவிட்டேன். சந்தனச்செல்வி வந்து கேட்டபோது துணி தீர்ந்துவிட்டது, வந்ததும் தைக்கிறேன் என்றேன். மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் அதையே சொன்னேன். பேதுரு மூன்று தடவை மறுதலித்தார் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் ஒரு மனுஷன் எப்படி அப்படிச் செய்வார் என்று நினைப்பேன். எளிதாகத்தான் இருக்கிறது. இரண்டாவது தடவை முதல் தடவையைவிட எளிது.

அவளும் பெரிதாக அவசரப்படவில்லை. "ராத்திரி நானும் பிள்ளையும் மட்டுந்தானக்கா, அவரு கடல்லல்லா கெடக்காரு, ஒண்ணும் ஆகாது" என்று போய்விட்டாள். சிஸ்டர் வாய்க்கு வாய் ராத்திரி ராத்திரி என்றுதான் சொல்லியிருந்தார். எல்லோர் மனதிலும் ராத்திரிதான் இருந்தது. நம் தெருவில் ஆம்பிளைகளுக்கு ராத்திரி என்பது வல்லம் கரை சேர்ந்த பிறகு காலை ஒன்பது மணிக்கு மேல் வருவது என்று நர்ஸுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

சிஸ்டர் வந்து போன மூன்றாவது வாரம் அவள் நண்டு உரிக்கிற கம்பெனிக்குத் திரும்பப் போகத் தொடங்கினாள். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை. வலையை உதறிவிட்டு வருகிற ரெக்ஸன் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

போன வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். குழாய் அவர்கள் வாசலுக்கு எதிரே. கதவு ஒருக்களித்து இருந்தது. ரெக்ஸன் பாயில் கிடந்தான். அந்தத் தூக்கம் உங்களுக்குத் தெரியும். காலில் உப்பு காய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது, ஒரு கை நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்தது. பிள்ளை அவன் நெஞ்சில் இருந்திருக்க வேண்டும். வழுக்கி இடுப்புக்கும் சுவரோரத் தலையணைக்கும் நடுவே இறங்கிவிட்டது. முகம் தெரியவில்லை. ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. வெள்ளி வளையம் போட்ட சின்னக் கால்.

ரெக்ஸா என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், ஏன் அவனை எழுப்பவில்லை என்று. எனக்கு வாய் வரவில்லை, அத்தான். தூங்குகிற ஆம்பிளையை வாசலில் நின்று நான் ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறேன். இன்னொரு தடவை கூப்பிட என்னால் ஆகாது.

குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பிள்ளையை உருவி எடுத்தேன். சூடாக இருந்தது. முகம் சிவந்து, நெற்றி முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தும்மியது. அவன் அசையவே இல்லை.

அங்கேயே அவனை உதைத்து எழுப்பியிருக்க வேண்டும். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டேன். மெஷினுக்குப் பின்னால் இருந்த பெட்டியை இழுத்து, அந்த எட்டாவது படுக்கையில் மல்லாக்கப் போட்டேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மூக்கு அசைவதைப் பார்த்தேன், வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தேன். வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த ஒரு மணி நேரமும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் இருக்கிறதே, சொல்லித் தர ஆள் இருக்கிறது, பேர் எழுதிய பெட்டி இருக்கிறது, இன்னொன்று பெற்றுக்கொள்ள வயசு இருக்கிறது, பக்கத்தில் புருஷன் இருக்கிறான், இது எனக்கு இருக்கட்டும் என்று கணக்குத் தீர்ப்பவள் போல உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ரெக்ஸன் எழுந்தான். அவன் போட்ட சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். பாயை உதறினான், தலையணையைத் தூக்கி எறிந்தான், தெருவில் இறங்கி ஓடினான். யாரோ போன் பண்ணி சந்தனச்செல்வி கம்பெனியிலிருந்து கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். எங்கெங்கோ தேடிவிட்டுக் கடைசியில் என் கதவைத் தட்டினார்கள். "ஏளா எமில்டா, கதவத் தொற!" என்று இடித்தார்கள். பிள்ளையத்தவள் கண்ணு ரொம்ப நாளாகவே அது மேலதான் கிடந்தது என்று வெளியே ஒரு குரல் சொன்னது. யார் குரல் என்று தெரியும், எழுத மாட்டேன். அவள் பிள்ளை ஞானஸ்நானத்துக்கும் நான் போயிருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். சந்தனச்செல்வி என்னைத் தள்ளிக்கொண்டு வந்து பிள்ளையை வாரி எடுத்தாள். அறையெல்லாம் நண்டு வாசனை. பிள்ளை முழுசாக இருக்கிறதா என்று கை கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். அதன் பிறகுதான் கீழே பார்த்தாள். நீலப் பெட்டி, இறுக்கமான உறை, பெட்டி ஓரத்தில் வெள்ளை பெயிண்டில் ரெக்ஸன் என்று எழுதியிருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "துணி வரலன்னு சொன்னியேக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குள் ஞானதீபம் சிஸ்டரும் வந்துவிட்டார். வாசல் நிறையக் கூட்டம். சிஸ்டர் என்னை உட்கார வைத்து, ஏன் எடுத்தாய், ஏன் அவனை எழுப்பவில்லை என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன், அத்தான். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். கை வலிக்கிறது.

வியாழன் காலை.

நேற்று நிறுத்தியது கை வலியால் அல்ல. சரி, எழுதிவிடுகிறேன்.

நம் பிள்ளை பால் புரையேறிப் போனது என்றுதானே ஆறு வருடமாகத் தெருவில் பேச்சு. நீங்களும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு வந்து எட்டிப் பார்த்த யாரோ சொன்னார்கள், நாம் இல்லை என்று சொல்லவில்லை. போன வியாழன் நான் இல்லை என்று சொன்னேன். ஐம்பத்திரண்டாவது நாள், நீங்கள் வலை முடிந்து வந்து நிற்க முடியாமல் நின்றீர்கள், நான் மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பிடியுங்கள் என்று உங்கள் நெஞ்சில் போட்டுவிட்டுப் போனது நான். உருண்டு விழாமல் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் தலையணை அணைத்தது நான். தலைமாட்டில் கடுகுத் தலையணை வைத்தது நான். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து வாசலில் நின்று உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் எழுந்தீர்கள். அவள் எழவில்லை. இவ்வளவையும் சொன்னேன். நீங்கள் குடித்திருந்தீர்களா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, தூங்கினார், அவ்வளவுதான் என்றேன். சத்தமாகச் சொன்னேன்.

ரெக்ஸன் நம் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சந்தனச்செல்வி பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றாள். சிஸ்டரிடம் நான் கேட்டேன், அப்படித்தான் நடந்ததா, யார் மேல் தப்பு என்று. ஆறு வருடமாகக் கேட்க ஆள் தேடிய கேள்வி. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாராலயும் சொல்ல முடியாது எமில்டா. அதுவாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சில பிள்ளைய ஏன் போவுதுன்னு எந்த டாக்டருக்கும் தெரியாது. எப்படிப் போட்டா ஆபத்து கொறயும்னு மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும்" என்றார். பிறகு, அந்த வருடம் நம் வீட்டுக்கு அட்டையோடு வந்தது தான்தான் என்றும், எங்கே தூங்குகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும் அவரே சொன்னார். நீங்கள் கேட்டிருந்தால், சிஸ்டர், இவர்கள் மாதிரி நானும் பெட்டி வாங்கியிருப்பேன் என்றேன். கேட்டிருக்கணும் என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை, மூன்று மணி வரை என் பக்கத்திலேயே இருந்தார்.

அந்த வாசலிலேயே வேறு ஒரு காரியமும் நடந்தது. ராத்திரி பற்றிச் சொன்னதெல்லாம் சரி, இந்தத் தெருவுக்குப் பதினொரு மணித் தூக்கம்தான் பயம் என்று நான் சொன்னேன். சிஸ்டர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். இப்போது ஒரு ஏற்பாடு. வல்லம் கரை வந்தால் தகப்பன் முதலில் பிள்ளையைப் பெட்டியில் போட வேண்டும், அப்புறம்தான் பாயை விரிக்க வேண்டும். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை வீட்டில் இருக்கிற பெண்கள் முறை வைத்து எட்டு வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும். கதவைத் தாழ் போடக் கூடாது. பிள்ளை பாயில் கிடந்தால் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அந்த ஆளைத் தட்டி எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். கடைசி விதி எனக்காகப் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

நாலு நாள் சந்தனச்செல்வி என் முகத்தில் முழிக்கவில்லை. திங்கட்கிழமை காலை பிள்ளையோடும் பெட்டியோடும் வந்து நின்றாள். மறுபடியும் கம்பெனிக்குப் போக வேண்டும், முறைக்காரர்கள் வந்தாலும் நானும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். உனக்கு என் மேல் பயமாக இல்லையா என்று கேட்டேன். "ஒனக்கு எம்மேல பொறாமன்னு எனக்கு நல்லாத் தெரியும்க்கா. பொறாமக்காரி கண்ணு தூங்காதுல்லா, அதான் ஒன்கிட்ட விடுதேன்" என்றாள். ஆற்றங்கரைக்காரிக்கு வாயைப் பாருங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞானஸ்நான வீட்டில் கடமைக்குச் சிரித்ததை விட்டால், ஆறு வருடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் கேட்டாள். பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, உங்கள் பிள்ளையின் பேரை வைக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். முகம் சுண்டிப்போனாள். வேறு எது வேண்டுமானாலும் கேள், உறை தைத்துத் தருகிறேன், தினம் பார்த்துக்கொள்கிறேன், அந்தப் பேர் என் பிள்ளையுடையது, தர மாட்டேன் என்றேன். இப்போதும் பொறாமைதான், போய்விடவில்லை. நேற்று அந்தப் பிள்ளை பெட்டியில் கிடந்து அவள் குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பியது. எனக்குச் சுருக்கென்றது. பரவாயில்லை, திருப்பட்டும்.

ரெக்ஸன் நேற்று வலை முடித்து வந்து வாசலில் நின்றான். தனிஸ்லாஸ் அண்ணன் அதுக்கப்புறம் என்ன செய்தார் என்று கேட்டான். மூன்று மாதம் பேசாமல் இருந்தார், பிறகு பிளேன் ஏறிப் போய்விட்டார் என்றேன். என்னைக்கு வாரார் என்று கேட்டான். கடிதத்தில் கேட்கிறேன் என்றேன்.

ஜெபசிங் உங்களைப் பற்றி ஒன்று சொன்னார். சொல்லக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்களாம், அவரைத் திட்டாதீர்கள், நான்தான் பிடுங்கினேன். நீங்கள் லாஞ்சில் படுப்பதே இல்லையாம். வலைக்குவியலில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியேதான் தூங்குவீர்களாம். கட்டில் கொடுத்தாலும் வேண்டாம் என்பீர்களாம். ஆறு வருடமாகவா, அத்தான்?

இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன். நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்த அந்த மூன்று மாதமும், உங்கள் மேல் கோபம் என்று நினைத்துத்தான் நீங்கள் கிளம்பினீர்கள். நானும் அதைக் கோபம் என்றுதான் நினைத்தேன். போன வியாழன் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது, அது கோபம் இல்லை. நான் மார்க்கெட்டில் சாளைக்குக் கூவிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் உங்கள் நெஞ்சில் இருந்தாள். அவள் கடைசிச் சூடு உங்களுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. ஊரில் பதினாலு பேர் மேலும், பக்கத்து வீட்டுக்காரி மேலும் பட்ட பொறாமையெல்லாம் ஒரு பக்கம். நான் மிக அதிகமாகப் பொறாமைப்பட்டது உங்கள் மேல்தான்.

அதனால் நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். அவள் அன்றைக்கு உங்கள் நெஞ்சில் எப்படி இருந்தாள் என்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் முகம் வைத்திருந்தாள், விரலைப் பிடித்திருந்தாளா, தூங்குவதற்கு முன்னால் ஏதாவது சத்தம் போட்டாளா. போனில் வேண்டாம். வந்து சொல்லுங்கள்.

ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால் லீவு கிடைக்கும் என்று ஜெபசிங் சொல்கிறார். வாருங்கள். காலையில் ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை எனக்கு எட்டு வீட்டு வேலை இருக்கும், அதோடு ஒன்பதாவதாக நம் வீட்டையும் சேர்த்துக்கொள்கிறேன். பாயை விரித்து, கையை விரித்து, மல்லாக்கப் படுத்து நன்றாகத் தூங்குங்கள். நான் பக்கத்தில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பனிமேரி அப்பாவை மாதா பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
பனிமேரி அம்மா